டொக்கர் பாவிச்சுப் பாத்த கதை

கல்லடியில ஒரு கடைக்கு பில்லிங் சொஃப்ட்வெயார் செஞ்சு குடுத்தன், என்ட லெப்டொப்ல ஓடினது அங்கத்த மெசின்ல ஓடல்ல, பைதன் (நான் கோட் எழுதின மொழி) வேர்சன் வேற, லைப்ரரி (அதோட சேத்துப் பாவிக்கிற ரெடிமேட் கோட்) வேற எண்டு ரெண்டு நாள் வீணாப் போச்சு. மறுகாதான் டொக்கருக்கு மாறினன், அப்ளிகேசன வேற மெசின்லயும் அதே மாதிரி ஓட வைக்கிற டூல் அது. 2013ல வந்த சாமான், நான்தான் லேட்.

அப்ளிகேசனையும் அதுக்குத் தேவையான எல்லாத்தையும் ஒரே இமேஜா, அதாவது ஒரே பொதியா கட்டிரலாம், அத ஓட விட்டா அதுக்குப் பேர் கண்டெய்னர். வேர்ச்சுவல் மெசின் (கம்பியூட்டருக்குள்ள ஓடுற இன்னொரு கம்பியூட்டர்) மாதிரி உள்ளுக்க தனி ஓஎஸ் பூட் ஆகத் தேவல்ல, கேர்னல் (ஓஎஸ்ஸிட மையப் பகுதி) பொது, அதால செக்கன்ல எழும்பிரும். டேட்டா கார்ட் போட்டு வேலை செய்றாக்கள் அல்பைன் எண்ட சின்ன லினக்ஸ் இமேஜ எடுங்க, 10 எம்பிக்கும் குறைவு, பைதனுக்கு மட்டும் சிலநேரம் இழுத்தடிக்கும்.

வொலியூம் (டேட்டாவ கண்டெய்னருக்கு வெளிய வைக்கிற இடம்) போட மறந்து கண்டெய்னர அழிச்சு ஒருநாள் பில் முழுக்க போச்சு, அது என்ட மடத்தனம், கடைக்காரர் காக்காட்ட வாங்கினன் பாருங்க ஏச்சு! விண்டோஸ்ல 8 ஜிபி ரேம் எண்டா கொஞ்சம் திணறும், லினக்ஸ்ல போடுங்க.