தள்ளுபடியான வழக்குக்காக எட்டு மாதம் காத்திருந்தோம்

செங்கலடியில் உள்ள எங்கள் தோட்டக் காணியின் ஒரு பகுதியை அடுத்த காணிக்காரர் வேலி போட்டு அடைத்துக்கொண்டதால், அப்பா மட்டக்களப்பு மாவட்ட நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தார். காணி உறுதிப் பத்திரமும் நில அளவைப் படமும் எங்களுக்குச் சாதகமாகவே இருந்தன. ஆனால், அவற்றை நீதிபதி பார்க்கும் கட்டம் வரவே இல்லை.

ஒவ்வொரு வழக்குத் தவணைக்கும் முதல்நாள் அப்பா எங்கள் சட்டத்தரணியிடம் தவறாமல் தொலைபேசியில் கேட்பார். "நீங்க வரத் தேவல்ல ஐயா, நான் பாத்துக்கொள்றன்" என்பதே அவருடைய பதில். பிறகு அவர் அழைப்பை எடுப்பதையே நிறுத்திவிட்டதால், நான் பதிவாளர் அலுவலகத்துக்குப் போய் விண்ணப்பித்து வழக்கேட்டைப் பார்த்தேன். நீல மையில் இரண்டே வரிகள்: விளக்கத் தினத்தில் (வழக்கை விசாரிக்கும் நாளில்) வழக்காளியும் இல்லை, அவருடைய சட்டத்தரணியும் இல்லை, வழக்குத் தள்ளுபடி. அது நடந்து எட்டு மாதங்கள் ஆகியிருந்தன. அந்த நாள் எனக்கு நினைவிருக்கிறது. தோய்த்து மடித்த வேட்டியைக் கதிரையில் வைத்துக்கொண்டு, ஒருவேளை கூப்பிடுவார் என்று அப்பா மதியம் வரை இருந்தார்.

இலங்கையின் குடியியல் நடவடிக்கைமுறைக் கோவையின் 87ஆம் பிரிவின்படி இவ்வாறு தள்ளுபடியான வழக்கை அதே விடயத்துக்காகப் புதிதாகத் தொடுக்க முடியாது. வராமைக்குத் தகுந்த காரணத்தைச் சத்தியக் கடதாசியுடன் (சத்தியம் செய்து எழுதிக் கொடுக்கும் வாக்குமூலத்துடன்) மனுவில் காட்டினால் தள்ளுபடியை நீக்கலாம். ஆயினும் அந்த மனுவையும் நியாயமான காலத்துக்குள் செய்ய வேண்டும். நாங்கள் செய்தோம். எட்டு மாதம் ஏன் பேசாமல் இருந்தீர்கள் என்ற கேள்விக்கு, வரத் தேவையில்லை என்று வாயால் சொன்னதை நிரூபிக்கக் கையில் ஒரு துண்டுக் கடிதம்கூட இல்லாததால், மனு நிராகரிக்கப்பட்டது.

வழக்கு வைத்திருப்பவர்களே, வழக்கிலக்கத்தை நீங்களே எழுதி வைத்திருங்கள். விளக்கத் தவணைக்கு, யார் வேண்டாம் என்றாலும், நேரில் போய் நில்லுங்கள். போக முடியாது போனால், அந்த வாரமே வழக்கேட்டைப் பார்த்து அடுத்த திகதியை உறுதிசெய்யுங்கள். பணம் கொடுத்தால் பற்றுச்சீட்டு வாங்குங்கள். அப்பா ஒன்றுகூட வாங்கவில்லை.

இப்போது மனுவை நிராகரித்த கட்டளைக்கு எதிராக வேறொரு சட்டத்தரணி மூலம் மேன்முறையீடு செய்கிறோம். மேன்முறையீட்டு அறிவித்தலுக்கு, கட்டளையிட்ட நாளும் ஞாயிறும் பொது விடுமுறைகளும் நீங்கலாக 14 நாட்கள். மேன்முறையீட்டு மனுவுக்குக் கட்டளைத் திகதியிலிருந்து 60 நாட்கள். இரண்டையும் நானே நாட்காட்டியில் எண்ணி, நீதிமன்ற முத்திரை பதித்த பிரதிகளைக் கையில் வாங்கிக்கொண்டுதான் வீடு திரும்பினேன்.