தைராய்டு, பிசிஓஎஸ் இருக்கும்போது எடை குறைப்பு: எந்த வழி யாருக்கு?

தைராய்டு குறைபாட்டால் மட்டும் கூடும் எடை பெரும்பாலும் 2 முதல் 5 கிலோதான். அதிலும் பெரும்பகுதி உடலில் தேங்கிய உப்பும் நீரும். 15 கிலோ ஏறியிருந்தால் தைராய்டு மாத்திரை அத்தனையையும் இறக்கிவிடாது. மீதிக்குக் காரணம் வேறு. பெண்கள் பலருக்கு அது பிசிஓஎஸ்ஸோடு (சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை) சேர்ந்து வரும் இன்சுலின் எதிர்ப்பு, அதாவது உடல் இன்சுலினுக்குச் சரியாகப் பணியாத நிலை.

மாத்திரையைக் கூட்டுவதா, போடும் முறையைத் திருத்துவதா?

டிஎஸ்எச் (தைராய்டைத் தூண்டும் ஹார்மோன், தைராய்டு குறைந்தால் இது கூடும்) இறங்கவில்லை என்றால் முதலில் பார்க்க வேண்டியது மாத்திரை போடும் நேரத்தை. தைராய்டு மாத்திரையான லெவோதைராக்சினை வெறும் வயிற்றில், தண்ணீரோடு மட்டும் விழுங்கிவிட்டு, காபிக்கும் உணவுக்கும் 30 முதல் 60 நிமிடம் பொறுக்க வேண்டும். கால்சியம், இரும்புச்சத்து மாத்திரைகளுக்கு 4 மணி நேர இடைவெளி தேவை. சேர்த்துப் போட்டால் அவை மருந்தைக் குடலிலேயே பிடித்து வைத்துக்கொள்ளும். காலையில் முடியாதவர்கள் இரவுச் சாப்பாடு முடிந்து 3 மணி நேரம் கழித்துப் போடலாம். மருந்தின் அரை ஆயுள் (உடலில் அதன் அளவு பாதியாகக் குறையும் காலம்) ஏறக்குறைய 7 நாள் என்பதால், அளவை மாற்றி 6 முதல் 8 வாரம் கழித்துத்தான் ரத்தப் பரிசோதனைக்கு அர்த்தம் உண்டு.

முடி உதிர்வுக்காகப் பயோட்டின் சாப்பிடுபவர்கள் பரிசோதனைக்குக் குறைந்தது 2 நாள் முன்பே அதை நிறுத்த வேண்டும். பல ஆய்வகக் கருவிகளில் அது டிஎஸ்எச்சைக் குறைத்தும் தைராய்டு ஹார்மோனான டி4-ஐக் கூட்டியும் காட்டும். அந்த அறிக்கையை நம்பி மருந்தைக் குறைத்தால் சோர்வும் வீக்கமும் திரும்பும்.

டிஎஸ்எச் சரியாக இருந்தும், எடைக்காக மட்டும் அளவைக் கூட்டுவது வேண்டவே வேண்டாம். தசையும் எலும்பும் கரையும், இதயத் துடிப்பு தாறுமாறாகும்.

கடும் பட்டினியா, மிதமான குறைப்பா?

எங்கள் தேர்வு மிதமான குறைப்பு: நாளுக்குச் சுமார் 500 கலோரி குறைவு, எடையில் ஒரு கிலோவுக்கு 1.2 முதல் 1.6 கிராம் புரதம் (சிறுநீரக நோய் இருந்தால் மருத்துவரைக் கேட்டுத்தான்). 800 கலோரிக்கு இறங்கினால் எடை வேகமாகக் குறையும். ஆனால் உடல் சிக்கனத்துக்கு மாறி டி4-ஐ வீரியம் மிக்க டி3 ஹார்மோனாக மாற்றுவதைக் குறைத்துக்கொள்ளும். குளிரும் அசதியும் கூடும். மாவுச்சத்தைக் குறைக்கும் முறை நல்லதா என்றால், கடைப்பிடிக்க முடிந்தால் நல்லதுதான். பிசிஓஎஸ்ஸுக்கு எந்த ஓர் உணவுமுறையும் மற்றதைவிட உயர்ந்ததல்ல என்பதே 2023 பன்னாட்டு வழிகாட்டுதலின் நிலை.

உடற்பயிற்சியில் நடையா, எடை தூக்குவதா என்று தேர்ந்தெடுக்க வேண்டாம், இரண்டும் வேண்டும்: வாரம் 150 நிமிட நடை, அடுத்தடுத்து வராத 2 நாளில் தசைப் பயிற்சி.

மெட்ஃபார்மினா, ஊசியா?

நீரிழிவு மாத்திரையான மெட்ஃபார்மின் எடைக்கு மெதுவான மருந்து. பலருக்கு 2, 3 கிலோவோடு நின்றுவிடும். அதன் உண்மையான பலம் இன்சுலினையும் மாதவிடாயையும் சீராக்குவதில் இருக்கிறது. உணவோடு 500 மில்லிகிராமில் தொடங்கி, வாரத்துக்கு ஒரு படியாக ஏற்றினால் வயிற்றுப்போக்கு குறையும். எடுத்த எடுப்பிலேயே முழு அளவில் தொடங்குபவர்களே பெரும்பாலும் பாதியில் கைவிடுகிறார்கள். ஆண்டுக்கணக்கில் எடுப்பவர்கள் பி12 அளவைப் பார்த்துக்கொள்ள வேண்டும். கருமுட்டை வெளியேறுவது மீண்டும் தொடங்கலாம். குழந்தை வேண்டாம் என்றால் கருத்தடை அவசியம்.

பசியைக் குறைக்கும் செமாகுளூடைடு ஊசியின் வலிமை வேறு. வாரம் 2.4 மில்லிகிராம் அளவில், நீரிழிவு இல்லாதவர்களிடம் நடந்த 68 வார ஆய்வில் சராசரி எடை இழப்பு சுமார் 15%. நிறுத்திய ஓராண்டில் இழந்ததில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பியது. ஆகவே சில மாதம் மட்டும் போட்டுப் பார்க்கலாம் என்ற எண்ணத்தோடு இதைத் தொடங்கக் கூடாது. தனக்கோ குடும்பத்திலோ மெடுல்லரி வகைத் தைராய்டு புற்றுநோய் இருந்தவர்களுக்கு இது கூடாது. சாதாரணத் தைராய்டு குறைபாடு தடையல்ல. கருத்தரிக்க நினைப்பவர்கள் குறைந்தது 2 மாதம் முன்பே நிறுத்த வேண்டும். இதேபோன்ற இன்னொரு ஊசியான டிர்செபடைடு போடுபவர்களுக்குக் கருத்தடை மாத்திரையின் பலன் குறையும் என்பதால், தொடங்கும்போதும் ஒவ்வொரு முறை அளவு கூட்டும்போதும் 4 வாரம் வேறு தடுப்பு முறை தேவை.

பிசிஓஎஸ் உள்ளவர்களுக்கு 5% குறைந்தாலே, அதாவது 80 கிலோவில் 4 கிலோ, மாதவிடாய் சீராகத் தொடங்கலாம். அந்த அளவுக்கு மெட்ஃபார்மினும் உணவுமாற்றமும் பலருக்குப் போதும். ஊசியை அதன் பிறகு யோசிக்கலாம்.

எந்த வழியில் எடை இறங்கினாலும் டிஎஸ்எச்சை மறுபடி பாருங்கள். லெவோதைராக்சின் முழு அளவு எடையில் ஒரு கிலோவுக்குச் சுமார் 1.6 மைக்ரோகிராம் என்று கணக்கிடப்படுவது. 10 கிலோ குறைந்தபின் பழைய அளவே மிகையாகலாம். படபடப்பு, கை நடுக்கம், தூக்கமின்மை வந்தால் அடுத்த பரிசோதனைத் தேதிவரை காத்திருக்க வேண்டாம்.