லூடோ போடலாமா என்று கேட்ட தென்காசிக்காரனுக்கு

நேற்று சாயங்காலம் ஆச்சியின் போனை வண்ணார்பேட்டையில் ஒரு கடையில் காட்டினேன். சூடாகிறது, சார்ஜ் நிற்கவில்லை. கடைப் பையன் பத்து நிமிடம் நோண்டிவிட்டு, "பேட்டரில ஒண்ணும் இல்லண்ணே, உள்ள 17 கேம் கெடக்கு, யாரு போட்டா?" என்றான். ஆச்சி போட்டது லூடோ ஒன்றுதான். மிச்சம் 16ம் அந்த லூடோவில் வரும் விளம்பரம் போட்டது. அன்றைக்கு ராத்திரி பார்த்து நீ "லூடோ நல்லாருக்கால, போடலாமா" என்று கேட்கிறாய். சரி, கேட்டுக்கோ.

ஆச்சி போனில் லூடோ 2020 ஊரடங்கில் போட்டது, இன்னும் ஓடுகிறது. கட்டமும் காயும் உனக்குத் தெரிந்ததுதான். ஆட்டத்தில் சேருகிற ரூம் கோடை அனுப்பினால் ஷார்ஜாவில் இருக்கிற சித்தப்பா மகனும் வந்து உட்கார்ந்துவிடுவான், முக்கூடலில் ஆச்சி வீட்டு அடுப்படியில் ஒரு கோடு சிக்னல் இருந்தாலே போதும். இதில் குறை சொல்ல மாட்டேன்.

ஆச்சி திண்ணையில் கரித்துண்டால் கட்டம் போட்டுத் தாயம் ஆடிய ஆள். முதல் வாரம் முழுக்க, ஒண்ணு விழுந்த உடனே "தாயம்! காய இறக்குல" என்று கத்துவாள். இறங்காது. லூடோவில் ஆறு விழுந்தால்தான் காய் வெளியே வரும். "இது எந்தக் கோட்டிக்காரன் வச்ச சட்டம்" என்று என்னிடம் சண்டை. நம்ம நாட்டுப் பச்சீசியைப் பார்த்துதான் இதைச் செய்தார்கள், 1896இல் இங்கிலாந்தில் காப்புரிமை வாங்கிய ஆட்டம் இது என்று விளக்கினேன். "அதான் தாயத்தத் தொலைச்சிட்டான்" என்றாள். இன்றைக்கும் காய் வீடு சேர்ந்தால் "பழுத்துட்டு" என்றுதான் சொல்கிறாள். வெட்டு வாங்கினால் பேரனுக்கு அழுகிற பொம்மை அனுப்புகிறாள், அதை எப்படிக் கண்டுபிடித்தாள் என்று தெரியாது.

இப்போ விளம்பரத்துக்கு வருவோம். ஒவ்வொரு ஆட்டம் முடிந்ததும் முப்பது வினாடி வீடியோ, அதுவும் தெருவே திரும்பிப் பார்க்கிற சத்தத்தில். மூடுவதற்கான பெருக்கல் குறி மேல் மூலையில் எள்ளு மாதிரி முளைக்கும். ஆச்சியின் விரலோ நாற்பது வருசம் பீடி சுற்றிக் காய்த்துப்போன விரல், திரைக்கு அது விரல் என்றே சில நேரம் தெரியாது. அவள் மூன்று தடவை அழுத்துவாள், இரண்டு உறைக்காது, மூன்றாவது குறி தவறி விளம்பரத்தின் மேலேயே விழும், உடனே வேறு ஒரு கேம் இறங்க ஆரம்பிக்கும். அது முடிந்து திரும்பி வருவதற்குள் சித்தப்பா மகன் டூட்டிக்குக் கிளம்பியிருப்பான். காசு கட்டினால் விளம்பரம் வராது என்றார்கள், கட்டினேன். போன் மாற்றியதும் எல்லாம் திரும்ப வந்துவிட்டது. இரண்டு தடவை எழுதிக் கேட்டேன், பதில் இல்லை. மூதிகள்.

வெறும் சிரிப்புதான் வேணும் என்றால் எங்கள் குடும்ப வாட்சப்பே தேவலை. குற்றாலத்தில் குரங்கு ஒருத்தரின் மிக்சர் பொட்டலத்தைப் பிடுங்கிப் பிரித்து, கடலையை மட்டும் பொறுக்கித் தின்கிற வீடியோ ஒன்று இருக்கிறது. சாரல் தொடங்கியதும் பெரியம்மா அதைப் புதுசு மாதிரி அனுப்புவாள். பல கை மாறி இரட்டை அம்புக்குறி விழுந்த வீடியோ, 2020 ஏப்ரலில் இருந்து அதையெல்லாம் ஒரு நேரத்தில் ஒரு ஆளுக்கோ ஒரு குரூப்புக்கோதான் அனுப்ப முடியும், அப்படியும் ஒவ்வொருத்தருக்காய் உட்கார்ந்து அனுப்புகிறாள். நாங்களும் வருசா வருசம் சிரிக்கிறோம், விளம்பரம் கிடையாது.

அதனால் லூடோ போடாதே. காசும் கட்டாதே.

பையன் 16ஐயும் அழித்துவிட்டு, "லூடோவையும் எடுத்திரட்டாண்ணே?" என்றான். ஆச்சி என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். அது கெடக்கட்டும் என்று சொல்லிவிட்டு 50 ரூபாய் கொடுத்து வந்தேன்.