தமிழ் எழுத்தை உடைக்காத லூமி

செவிலியர்களுக்குக் கை கழுவும் பாடம் ஒன்றை ஆன்லைனில் போட வேண்டியிருந்தது. முதலில் காசு கொடுத்து வாங்கிய மென்பொருளில் ‘கொ’வின் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் எனப் பிரிந்து நின்றது. பாதி வேலை முடிந்த பிறகுதான் கவனித்தேன், அழுகையே வந்துவிட்டது. அப்புறம் லூமிக்கு மாறினேன். எச்5பி எனப்படும், நடுவே கேள்வி கேட்டுப் பதில் வாங்கும் வகைப் பாடங்களை நம் கணினியிலேயே செய்ய உதவும் இலவச மென்பொருள் இது. சோப்புப் போட்டு 40 முதல் 60 விநாடி கழுவிக் காட்டும் வீடியோவை, கட்டைவிரல் தேய்க்கும் இடத்தில் நிறுத்தி ‘அடுத்து என்ன?’ என்று கேள்வி வைத்தேன். தமிழ் எழுத்து ஒன்றுகூடச் சிதறவில்லை. கற்றல் தளங்கள் படிக்கும் பொது வடிவமான ஸ்கார்ம் கோப்பாக எடுத்து, மூடுல் என்ற இணையக் கற்றல் தளத்தில் ஏற்றியதும் மதிப்பெண்ணும் பதிவானது. பாடம் தயாரிக்கும் இன்னொரு மென்பொருளான ஸ்டோரிலைன் அளவுக்குக் காட்சி வேலைப்பாடு இதில் கிடையாது. சரி, ஆனால் ஸ்டோரிலைன் விண்டோஸில்தான் ஓடும்; என்னிடம் இருப்பது மேக். எதை வாங்கினாலும் முதலில் ஒரு தமிழ்ப் பக்கம் அடித்து, போனில் திறந்து பாருங்கள்.