30 வயது தாண்டி சட்டம் படிக்கலாமா? திறந்த பல்கலைக்கழகம் பற்றி மட்டக்களப்பிலிருந்து

நேராக விஷயத்துக்கு வருகிறேன். உயர்தரம் எழுதி வெட்டுப்புள்ளி வராமல் வேலைக்குப் போனவர்கள், கல்யாணம் கட்டி பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய பிறகு "நானும் படித்திருக்கலாமே" என்று நினைக்கிறவர்கள், இவர்களுக்கு இலங்கைத் திறந்த பல்கலைக்கழகத்தின் சட்டமாணிப் பட்டப்படிப்பை நான் மனதாரச் சிபாரிசு செய்வேன். ஆனால் தனியாக உட்கார்ந்து வாசிக்கிற பழக்கம் இல்லாதவர்கள் காசைக் கட்டுவதற்கு முதல் இரண்டு தடவை யோசியுங்கள்.

நான் மட்டக்களப்பு நகரில் ஒரு சட்டத்தரணியின் அலுவலகத்தில் எழுதுவினைஞராக இருக்கிறேன். சத்தியக்கடதாசி தட்டச்சு செய்வது, வழக்குத் திகதிகளைக் குறித்து வைப்பது, காணி உறுதி தேடக் காணிப் பதிவகத்துக்குப் போவது, இதுதான் என் நாள். ஊர் வெல்லாவெளிப் பக்கம். நான் உயர்தரம் படித்துக்கொண்டிருந்தபோதுதான் 2007 இல் படுவான்கரையில், அதாவது வாவிக்கு மேற்கே எங்கள் ஊர் இருக்கிற பக்கத்தில், சண்டை வந்து ஊரே ஆற்றைக் கடந்து இந்தப் பக்கம் வந்தது. முகாமில் இருந்து படித்து எழுதினேன், மூன்று பாடமும் எஸ் சித்தி, அதாவது ஆகக் குறைந்த சித்தி. அதை வைத்துக்கொண்டு உள்வாரியாக எங்கும் போக முடியவில்லை, வேலைக்குப் போனேன், அப்படியே வருடங்கள் ஓடிவிட்டன. இப்போதுதான் திறந்த பல்கலைக்கழகத்தில் சட்டம் படிக்கிறேன்.

இந்த நாட்டில் வயது போனவர்களுக்கு வழமையான வாசல் எப்படி மூடுகிறது என்பதைப் பலர் சரியாக அறிந்திருப்பதில்லை, அதனால் கொஞ்சம் சொல்கிறேன். பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு உயர்தரப் பெறுபேற்றிலிருந்து கணக்கிடும் இசட் புள்ளியை வைத்துத்தான் உள்வாரி மாணவர்களை எடுக்கிறது. பொதுவாக 40 வீதம் அகில இலங்கைத் திறமை, 55 வீதம் மாவட்ட ஒதுக்கீடு, 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு மேலதிகமாக. மட்டக்களப்பும் அம்பாறையும் அந்த 5 வீதப் பட்டியலில் இருக்கின்றன. ஆனால் அந்தச் சலுகையும் அந்தந்த வருடம் பரீட்சை எழுதியவர்களுக்குத்தான், மூன்று தடவைக்கு மேல் எழுதிப் போகவும் முடியாது. 19 வயதில் முகாமில் இருந்தவளுக்கும் அதே வயதில் வீட்டில் டியூஷன் எடுத்துப் படித்தவளுக்கும் ஒரே கணக்கு, பிறகு அந்தக் கணக்கைத் திருத்த ஒரு வழியும் இல்லை. அதிலும் சட்டம் என்றால் கொழும்பு, பேராதனை, யாழ்ப்பாணம் என்று விரல் விட்டு எண்ணக்கூடிய இடங்கள், வெட்டுப்புள்ளியும் உச்சத்தில்.

திறந்த பல்கலைக்கழகம் இந்தக் கணக்குக்கு வெளியே நிற்கிறது. 1980 இல் தொடங்கியது, தலைமையிடம் நாவலவில், மட்டக்களப்பில் பிராந்திய நிலையம் இருக்கிறது. இதுவும் அரச பல்கலைக்கழகம்தான், பட்டத்தின் பெறுமதியில் குறைவு கிடையாது. "அது வெளிவாரி மாதிரித்தானே" என்று சொல்கிற சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் இருப்பார்கள், அவர்களிடம் இதைச் சொல்லுங்கள்: இங்கே எடுத்த சட்டமாணியோடு நுழைவுப் பரீட்சை எழுதாமலே, சட்டத்தரணியாக வருவதற்குப் படிக்க வேண்டிய சட்டக் கல்லூரிக்குப் போகலாம், கொழும்புப் பல்கலைக்கழகத்தில் படித்தவருக்கும் அதே வழிதான். அதற்குப் பிறகு இறுதிப் பரீட்சைகள், ஆறு மாதப் பயிற்சி, உயர் நீதிமன்றத்தில் சத்தியப்பிரமாணம்.

உயர்தரமே இல்லாதவர்களுக்கு ஃபவுண்டேஷன் படிப்பு இருக்கிறது, 18 வயது ஆகியிருந்தால் போதும். எங்கள் அலுவலகத்துக்குப் பக்கத்தில் வேலை செய்யும் தங்கச்சி ஒருத்தி அதில்தான் தொடங்கியிருக்கிறாள். சாதாரண தரத்தோடு நின்றுவிட்ட எத்தனையோ பேருக்கு இது தெரியாது, தயவுசெய்து சொல்லுங்கள்.

சரி, இப்போது சட்டமாணிக்கு ஆட்களை எடுக்க வைக்கிற தெரிவுப் பரீட்சை. பெயரில் "திறந்த" என்று இருப்பதால் போர்ம் நிரப்பினாலே எடுத்துவிடுவார்கள் என்று நினைக்க வேண்டாம். சில படிப்புகளுக்கு அது ஓரளவு சரி, சட்டத்துக்குச் சரிவராது. எழுதுகிறவர்கள் நிறைய, பொலிஸ், ஆசிரியர், கிராம சேவகர், வங்கியில் வேலை செய்கிறவர் என்று எல்லோரும் வருகிறார்கள், எடுப்பது அளவோடுதான். ஆனால் அந்தப் பரீட்சையில் எனக்குப் பிடித்தது, அது என் பழைய எஸ் சித்தியைத் திரும்பிப் பார்க்கவில்லை. மூன்று பாடம் சித்தி என்றால் வாசலுக்கு வரலாம், அதன்பிறகு ஒன்றை வாசித்து விளங்கிக்கொள்ள முடிகிறதா, யோசித்து எழுத முடிகிறதா என்பதுதான் கேள்வி. இத்தனை வருடம் வேலையில் கற்றுக்கொண்டது அங்கே கைகொடுத்தது. வழக்காளி வந்து ஒரு மணித்தியாலம் அழுது அழுது சொல்வதை அரைப் பக்கத்தில் சத்தியக்கடதாசியாக எழுதிப் பழகிய கைக்கு ஒரு பந்தியைச் சுருக்குவது பெரிய வேலையாக இருக்கவில்லை.

இந்தப் பரீட்சைக்கு ஆயத்தம் செய்கிறோம் என்று நடக்கிற ஒரு வகுப்புக்கும் போனேன். பெயர் வேண்டாம். ஊருக்குள் நோட்டீஸ் ஒட்டி, "நிச்சயம் தெரிவு" என்று போட்டிருந்தார்கள். கொடுத்தது பழைய பொது அறிவுக் குறிப்புகளின் போட்டோகொப்பி, நாடுகளின் தலைநகரம், நதிகளின் நீளம் என்று. யாராலும் நிச்சயம் தெரிவு என்று சொல்ல முடியாது, சொல்கிறவரிடம் காசு கொடுக்காதீர்கள். ஏற்கெனவே கஷ்டப்பட்டு, வீட்டுச் செலவில் மிச்சம் பிடித்து இரண்டாம் முறை படிக்க வருகிறவர்களைக் குறிவைத்து இப்படிச் செய்வது எனக்குக் கோபம் வருகிற விஷயம்.

எனக்கு உதவியது வேறு. பொது நூலகத்தில் உட்கார்ந்து வீரகேசரி, தினகரன் ஆசிரியர் தலையங்கத்தை வாசித்து, அதை மூன்றில் ஒரு பங்காகச் சுருக்கி எழுதினேன். பிறகு எழுதினதை எங்கள் சேரிடம், அதாவது அலுவலகச் சட்டத்தரணியிடம், காட்டுவேன், அவர் வழக்கு அவசரத்திலும் சிவப்புப் பேனையால் கோடு போட்டுத் தருவார். "நீ எழுதுறது சரி பிள்ளை, ஆனா முதல்ல முடிவைச் சொல்லு, அதுக்குப் பிறகு காரணத்தைச் சொல்லு" என்றார். அந்த ஒரு வசனம் வகுப்புக் காசைவிடப் பெறுமதி.

உள்ளே போனபிறகு எப்படி என்றால், பாடம் அச்சிட்ட தொகுதிகளாக வரும், அதுதான் உங்கள் ஆசிரியர். டே ஸ்கூல் என்று நடக்கும் வகுப்புகளில் பாடத்தை அடியிலிருந்து யாரும் படிப்பிப்பதில்லை, நீங்கள் வாசித்துவிட்டு வந்து கேள்வி கேட்பதற்கான இடம் அது. ஒப்படைகள், தொடர் மதிப்பீடுகள் இருக்கின்றன, அவற்றில் போதிய புள்ளி எடுத்தால்தான் எலிஜிபிலிட்டி கிடைக்கும், எலிஜிபிலிட்டி இல்லாமல் இறுதிப் பரீட்சை மண்டபத்துக்குள் போக முடியாது. இதில்தான் நிறையப் பேர் விழுகிறார்கள். மூளை இல்லாததால் விழுவதில்லை, பிள்ளைக்குக் காய்ச்சல் வந்த கிழமையில் ஒப்படைத் திகதி வருகிறது, கோயில் திருவிழா வருகிறது, வீட்டில் ஒரு சாவு வருகிறது. குறைந்தது நான்கு வருடம் என்பது ஒரு பாடமும் தவறாமல் ஓடினால்தான். வேலையும் குடும்பமும் உள்ளவர்கள் அதைவிடக் கூட எடுப்பார்கள் என்று முதலிலேயே மனதை ஆயத்தப்படுத்திக்கொள்ளுங்கள், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, பாடங்களைப் பிரித்து எடுத்துப் போகிற வசதி இந்த முறையிலேயே இருக்கிறது.

கட்டணம் கட்ட வேண்டும், மற்ற அரச பல்கலைக்கழகங்களில் உள்வாரியாக இலவசமாகப் படிக்கிறவர்களோடு ஒப்பிட்டால் இது மனதுக்கு வலிக்கும். முகாமில் இருந்து எழுதியதால் இலவசக் கல்வியைத் தவறவிட்டவர்கள் பிறகு காசு கட்டித்தான் படிக்க வேண்டும் என்பது நியாயமா என்று நான் இப்போதும் கேட்பேன், இதை யாராவது பெரிய இடத்தில் கேட்க வேண்டும்.

மொழியைப் பற்றி ஒளிக்காமல் சொல்ல வேண்டும். நான் தெரிவுப் பரீட்சையைத் தமிழில் எழுதினேன். மட்டக்களப்பு நீதிமன்றங்களில் வேலை தமிழில்தான் நடக்கிறது, அரசியலமைப்பிலேயே வடக்கு கிழக்கு நீதிமன்றங்களுக்குத் தமிழ் என்று இருக்கிறது. ஆனால் சட்டம் படிப்பது என்பது தீர்ப்புகளை வாசிப்பது, மேன்முறையீட்டு நீதிமன்றத் தீர்ப்பும் உயர் நீதிமன்றத் தீர்ப்பும் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் இருக்கின்றன. மேலே போகப்போக ஆங்கிலம் இல்லாமல் மூச்சு முட்டும். ஆகவே ஆயத்த வகுப்புக்குக் கொடுக்கிற காசை ஒரு நல்ல ஆங்கில ஆசிரியருக்குக் கொடுங்கள், விண்ணப்பிக்க ஒரு வருடம் முதலே தொடங்குங்கள்.

இவ்வளவு கஷ்டப்பட்டு ஏன் படிக்க வேண்டும் என்று வீட்டில் மாமி கேட்டார். நான் அவருக்கு 2016 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டத்தைப் பற்றிச் சொன்னேன். எங்கள் நாட்டில் ஒருவருடைய தனியார் காணியை இன்னொருவர் உரியவருக்கு எதிராக 10 வருடம் தொடர்ந்து ஆண்டுவந்தால் அது அவருக்கே உரித்தாகிவிடலாம். சண்டையில் ஊரை விட்டு ஓடினவர் எப்படி வந்து வழக்குப் போடுவார்? அதற்காகத்தான் அந்தச் சட்டம் வந்தது, 1983 மே 1 இலிருந்து 2009 மே 18 வரை ஆயுதக் குழுவின் நடவடிக்கைகளால் தன் காணிக்கு வழக்கு வைக்க முடியாமல் போனவருக்கு எதிராக அந்தக் காலத்தைக் கணக்கில் எடுக்கக்கூடாது என்று. ஆனால் அந்த நிவாரணத்தைக் கேட்க இரண்டு வருட அவகாசம்தான் கொடுத்திருந்தார்கள். அது முடிந்தபிறகு எங்கள் அலுவலகத்துக்கு உறுதியைப் பொலித்தீன் பையில் சுற்றிக்கொண்டு வந்த வயதான அம்மாக்களை எனக்குத் தெரியும். அப்படி ஒரு சட்டம் இருந்ததையே அவர்கள் கேள்விப்பட்டிருக்கவில்லை. எங்கள் ஊரில் அதை வாசித்து, வீடு வீடாகப் போய்ச் சொல்ல ஒரு ஆள் இருந்திருந்தால் சிலருடைய காணியாவது தப்பியிருக்கும். மாமி அதற்குப் பிறகு ஒன்றும் கேட்கவில்லை, இரவில் நான் வாசிக்கும்போது பிள்ளைகளைத் தன் அறையில் படுக்க வைக்கிறார்.

அப்படிப்பட்ட ஆட்கள் சட்டம் படிக்க வேண்டும் என்பதற்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். டே ஸ்கூலில் என்னோடு இருக்கிறவர்களைப் பாருங்கள், ஒருவர் காணிப் பிணக்கு மத்தியஸ்தம் செய்தவர், ஒருவர் காத்தான்குடியில் முஸ்லிம்களின் விவாகம், விவாகரத்தைப் பார்க்கிற காதி நீதிமன்ற விஷயங்களுக்குப் பெண்களோடு துணைக்குப் போகிறவர், ஒரு அண்ணன் கல்முனையில் தொழிற்சங்கத்தில் இருந்தவர். ஒப்பந்தச் சட்டம் நடக்கும்போது இவர்கள் கேட்கிற கேள்வி பாடப் புத்தகத்தில் இருக்காது. அந்த அண்ணன் தினக்கூலிக்காரருக்கு வாய்ப்பேச்சு ஒப்பந்தம் எப்படி நிரூபிப்பது என்று கேட்டார், அந்த வகுப்பு முழுக்க அதிலேயே போனது, எனக்கு அதுதான் இதுவரை கிடைத்த சிறந்த வகுப்பு.

வயதைப் பற்றிக் கவலைப்படுகிறவர்களுக்கு: விண்ணப்பத்துக்குப் பிரதி எடுக்கப் போன கொமினிகேஷன் கடையில் தம்பி "மகளுக்கா அக்கா?" என்று கேட்டான். எனக்குத்தான் என்றேன். "அப்ப நல்லா வரும்" என்று சொல்லி வேலையைத் தொடர்ந்தான், அவ்வளவுதான். வெளியில் இருந்து வருகிற கூச்சத்தைவிட நமக்குள்ளே இருக்கிற கூச்சம்தான் கூட.

யாருக்கு இது சரிவராது? கிழமையில் ஐந்து நாளும் ஆசிரியர் முன்னால் நின்று படிப்பிக்க வேண்டும் என்கிறவர்களுக்கு. சீக்கிரம் முடித்து வேலை மாற வேண்டும் என்ற அவசரம் உள்ளவர்களுக்கு. வீட்டில் ஒரு ஆளாவது ஆதரவு இல்லாதவர்களுக்குச் சரிவராது என்று சொல்லமாட்டேன், ஆனால் மிகவும் கஷ்டம். நாவலவுக்கு நேரில் போக வேண்டிய வேலைகளும் இடையில் வரும், இரவு ரயில் ஏறிக் காலையில் கோட்டையில் இறங்கிப் போய்விட்டு வருவது என்றால் ஒரு நாள் லீவும் செலவும்.

கடைசியாகக் கடதாசி வேலை, இதை என் தொழில் காரணமாக அழுத்திச் சொல்கிறேன். எங்கள் பக்கத்தில் பாதிப் பேருக்குப் பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், அடையாள அட்டையில் ஒரு எழுத்து வித்தியாசம், உயர்தரப் பெறுபேற்றில் தகப்பன் பெயர் முன்னுக்குப் பின். சிலருக்குச் சுனாமியிலோ இடப்பெயர்விலோ எல்லாமே போய்விட்டது. பெறுபேற்றுச் சான்றிதழைப் பரீட்சைத் திணைக்களத்தில் இணையம் வழியாகவே கேட்கலாம், பிறப்புச் சான்றிதழ்ப் பிரதியைப் பிரதேச செயலகத்தில் எடுக்கலாம், இரண்டு பெயரும் ஒரே ஆள்தான் என்று ஒரு சத்தியக்கடதாசி முடித்து வையுங்கள். விண்ணப்பம் கோரும் அறிவித்தல் பத்திரிகையிலும் பல்கலைக்கழக இணையத்தளத்திலும் வரும், தகைமைகள் அவ்வப்போது மாறும் என்பதால் அந்த வருட அறிவித்தலை முழுக்க வாசியுங்கள், போன வருடம் எழுதினவர் சொன்னதை நம்பி நிரப்ப வேண்டாம். முடிவுத் திகதி நெருங்கும்போது சமாதான நீதவானைத் தேடி ஓடுகிற கூட்டத்தை ஒவ்வொரு முறையும் பார்க்கிறேன், அறிவித்தல் வருவதற்கு முதலே இந்த மூன்றையும் ஒரு கோப்பில் போட்டு வைத்துவிடுங்கள்.