பைகேமில் மவுஸ்: கொலுசு வரைந்து பார்த்த அனுபவம்

சேலம் செவ்வாய்பேட்டையில் எங்கள் மாமாவுக்குக் கொலுசுப் பட்டறை. ஒரு கண்ணியை வரைந்தால் அதையே வரிசையாக அடுக்கி முழுக் கொலுசாகக் காட்டும் சின்ன மென்பொருள் ஒன்றை அவருக்காகப் பைகேமில் (பைத்தான் மொழியில் விளையாட்டுகள் எழுத உதவும் நூலகம்) எழுதிக் கொடுத்தேன். சில வருஷமாக ஓடுகிறது. கீபோர்டுக்கு அதில் வேலையே கிடையாது, எல்லாம் மவுஸ்தான்.

சுட்டி எங்கே நிற்கிறது என்று அறிய கெட்_பாஸ் என்ற கட்டளை போதும். மேல் இடது மூலைதான் பூஜ்ஜியம். பொத்தான் மேல் சுட்டி வந்தால் நிறம் மாற்றுவதற்கெல்லாம் இதுவே சுலபம். ஆனால் கிளிக்கைப் பிடிக்க கெட்_பிரஸ்டை நம்பாதீர்கள். கேட்கும் கணத்தில் பொத்தான் அழுந்தியிருக்கிறதா என்று மட்டுமே அது சொல்லும். பெரிய டிசைன் ஏறித் திரை மந்தமானால், இரண்டு ஃபிரேமுக்கு (திரையை ஒருமுறை வரைவது ஒரு ஃபிரேம்) நடுவே அழுத்தி எடுத்த கிளிக் அதன் கண்ணில் படாது. மாமாவுக்கோ விரல் படுவேகம். மவுஸ்பட்டன்டவுன் நிகழ்வு (பொத்தான் அழுந்தியதும் பைகேம் அனுப்பும் சேதி) என்றால் நாம் வந்து எடுக்கும்வரை வரிசையில் காத்திருக்கும்.

சக்கரத்தில்தான் வேடிக்கை. 2020இல் வந்த பைகேம் 2, மவுஸ்வீல் என்று தனி நிகழ்வு தருகிறது. பழைய நிரல்கள் கெடாமலிருக்க, அதே சுழற்சியை 4, 5 என்ற பொத்தான் எண்களிலும் அனுப்புகிறது. எண்ணைப் பார்க்காமல் நிரல் எழுதினால், பெரிதாக்கிப் பார்க்கச் சக்கரத்தை உருட்டும்போதெல்லாம் அதையும் கிளிக் என்று எடுத்துக்கொண்டு படத்தில் ஒரு சலங்கை விழும். இடது பொத்தான் 1, நடு 2, வலது 3. இதை எழுதி மானிட்டரில் ஒட்டிக்கொள்ளலாம், தப்பில்லை.

கையால் கோடு இழுக்கும்போது, சுட்டி நகர்வதைச் சொல்லும் மவுஸ்மோஷன் நிகழ்வு புள்ளி புள்ளியாகத்தான் வரும். வேகமாக இழுத்தால் நடுவில் ஓட்டை. முந்தைய புள்ளியையும் இப்போதைய புள்ளியையும் கோட்டால் இணைத்தால் சரி.

டபுள் கிளிக்குக்குத் தனி நிகழ்வு இல்லை. பைகேம் தொடங்கி எத்தனை மில்லி நொடி ஆயிற்று என்று சொல்லும் கெட்_டிக்ஸ் வைத்து நாமே நேரம் பார்க்க வேண்டும். எனக்கு இதுதான் பெரிய குறை. நேரம் பார்ப்பது வேறொன்றுக்கும் உதவியது. ஒருநாள் "மாப்ளே, ஒண்ணு வெச்சா ரெண்டு விழுதுப்பா" என்றார் மாமா. பழைய மவுஸ், உள்ளே ஸ்விட்ச் தேய்ந்து ஒரே அழுத்தல் இரண்டாகப் பதிவாகிறது. 50 மில்லி நொடிக்குள் வரும் இரண்டாவது அழுத்தலைத் தள்ளிவிட்டேன். புது மவுஸ் வாங்க அவருக்கு இன்னும் மனசு வரவில்லை.

அப்புறம் டச் லேப்டாப் வந்தது. விரல் தொடுவதையும் பைகேம் மவுஸ் நிகழ்வாகவே தருகிறது. டச் என்ற பண்பைப் பார்த்துப் பிரித்துக்கொள்ளலாம். ஆனால் தொடாமல் மேலே நிற்பது என்பது விரலுக்கு இல்லையே. நிறம் மாற்றும் வித்தையெல்லாம் அங்கே வீண், பொத்தான்களைப் பெரிதாக்க வேண்டியதாயிற்று.