கொட்டேஷனில் ‘என்கிரிப்ஷன்’ இருந்தது, எங்கள் பேச்சு திறந்தே கிடந்தது

திருப்பூரில் சின்னதாக ஒரு ஆடிட்டர் அலுவலகம் நடத்துகிறேன். பன்னிரண்டு மேசை, பன்னிரண்டு ஐபி போன். போன வருடம் பழைய இன்டர்காமைக் கழற்றிவிட்டு இணையவழி போனுக்கு மாறினோம். டீலர் தந்த கொட்டேஷனில் ‘கால் என்கிரிப்ஷன்’ என்று ஒரு வரி, அதாவது பேச்சை யாரும் ஒட்டுக்கேட்க முடியாதபடி பூட்டுவது, 24,000 ரூபாய். அதன் கீழே ‘ஜி.729 கோடெக் லைசென்ஸ்’, 9,600 ரூபாய். கோடெக் என்பது குரலை டிஜிட்டலாக மாற்றி அனுப்பும் முறை. இரண்டையும் நம்பிக் கட்டினேன். இதே வரிகள் உங்கள் கொட்டேஷனிலும் இருந்தால், பணம் கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள்.

எங்கள் ஜூனியரின் தம்பி நெட்வொர்க் படிக்கிறான். லீவில் வந்தவனிடம், போன் பாதுகாப்பாக இருக்கிறதா பார் என்றேன். நெட்வொர்க் ஸ்விட்சில் ஒரு போர்ட்டுக்கு என் போனின் போக்குவரத்தை நகல் எடுத்துவிட்டு, லேப்டாப்பில் வயர்ஷார்க்கைத் திறந்தான். அது நெட்வொர்க்கில் போகும் தரவைப் பிடித்துக் காட்டும் இலவச மென்பொருள், யாரும் இறக்கிக்கொள்ளலாம். வங்கிக்கு ஒரு கால் பேசினேன். பேசி முடித்ததும் மெனுவில் இரண்டு மூன்று கிளிக், அவ்வளவுதான். “அக்கா, இது நீங்கதானுங்களே?” என்று ஸ்பீக்கரைத் திருப்பினான். என் குரல், இருமல் உட்பட. அதைவிட வயிற்றைக் கலக்கியது அடுத்தது: டெலிபேங்கிங்கில் நான் அழுத்திய ரகசிய ‘பின்’ நம்பர், ஒவ்வொரு இலக்கமாகத் திரையில் வரிசையாக நின்றது.

கட்சிக்காரர்களின் வருமானம், கடன், நோட்டீஸ் எல்லாம் இந்த போனில்தான் பேசுகிறோம். போன்கள் இருந்ததும், வருகிறவர்களுக்குக் கொடுக்கும் வைஃபை இருந்ததும் ஒரே நெட்வொர்க்கில். அதையும் டீலர்தான் அப்படிப் போட்டிருந்தார்.

டீலரைக் கூப்பிட்டுக் கேட்டேன். “டிஎல்எஸ் ஆன்ல இருக்கு மேடம், எல்லாம் செக்யூர்” என்றார். டிஎல்எஸ் என்ற பூட்டு ஆனில்தான் இருந்தது. ஆனால் அது காப்பது யார் யாரை அழைக்கிறார்கள் என்ற எஸ்ஐபி செய்தியை மட்டும். குரல் தனியாக ஆர்டிபி என்ற வேறு ஓடையில் போகிறது. அதைப் பூட்ட எஸ்ஆர்டிபி வேண்டும். 2004-லேயே வந்த தரம் அது, எங்கள் போன்களிலும் இருந்தது, போன்களை இணைக்கும் எக்ஸ்சேஞ்ச் மென்பொருளிலும் லைசென்ஸ் எதுவும் இல்லாமலே இருந்தது. ஆன் செய்யத்தான் ஆளில்லை. அப்படியானால் அந்த 24,000 எதற்கு என்று கேட்டதற்கு இன்றுவரை பதில் இல்லை.

நாலு நாள் கழித்து டீலரின் பையன் ஒருவன் வந்து எஸ்ஆர்டிபியை ஆன் செய்துவிட்டுப் போனான். மறுபடி சோதித்தோம். இப்போது குரலுக்குப் பதில் வெறும் இரைச்சல். நிம்மதியாக மூச்சுவிட்டால், தம்பி இன்னொரு வரியைக் காட்டினான். வந்த பையன் எதற்கோ டிஎல்எஸ்ஸை அணைத்துவிட்டுப் போயிருக்கிறான். குரலைத் திறக்கும் சாவி எஸ்ஐபி செய்திக்குள்ளேயே வெறும் எழுத்தாகப் போய்க்கொண்டிருந்தது. பூட்டைப் பூட்டி அதிலேயே சாவியைத் தொங்கவிட்ட கதை. இரண்டும் சேர்ந்து ஓடினால்தான் பாதுகாப்பு. போனில் எஸ்ஆர்டிபி ‘கட்டாயம்’ என்று இருக்க வேண்டும். ‘முடிந்தால்’ என்று விட்டால் எதிர்முனை மறுக்கும்போது சத்தமில்லாமல் பழைய ஆர்டிபிக்கு இறங்கிவிடும்.

கோடெக் விஷயம் இன்னும் மோசம். என்கிரிப்ஷனுக்கு பேண்ட்விட்த் நிறைய வேண்டும், அதனால் ஜி.729 அவசியம், அது சுருக்கி அனுப்புவதால் ஒட்டுக்கேட்டாலும் புரியாது என்றார் டீலர். மூன்றுமே தவறு. குரல் சின்னச் சின்னத் துண்டுகளாக, பாக்கெட்டுகளாகப் போகிறது. எஸ்ஆர்டிபி ஒரு பாக்கெட்டுக்குச் சேர்ப்பது வழக்கமாக 10 பைட். வழக்கமான ஜி.711 கோடெக்கில் ஒரு கால் 80 கேபிபிஎஸ் என்றால் அது 84 ஆகிறது. பன்னிரண்டு பேரும் ஒன்றாகப் பேசினாலும் ஒரு திசைக்கு ஒன்றேகால் எம்பிபிஎஸ்ஸைத் தாண்டாது. சுருக்குவது பூட்டுவது ஆகாது, புதிய வயர்ஷார்க் ஜி.729-ஐயும் இசைத்துக் காட்டும். ஜி.729-இன் காப்புரிமைக் காலமும் 2017-லேயே முடிந்துவிட்டது.

அதோடு, ஜி.729-க்கு மாறியதும் ஜிஎஸ்டி எண்ணை போனில் வாங்குவதே பாடாகிவிட்டது. ‘எஃப்’பா ‘எஸ்’ஸா என்று மூன்று தடவை கேட்போம். இடையிடையே குரல் விட்டுவிட்டும் வந்தது, அதற்குக் காரணம் கோடெக்கே இல்லை. மதியம் ஓடும் பேக்கப் அப்லோடை அடைத்துக்கொண்டது, ரவுட்டரில் குரலுக்கு முன்னுரிமை கொடுத்ததும் சரியாகிவிட்டது. இப்போது அலுவலகத்துக்குள் ஜி.722 கோடெக், வெளிக் கால்களுக்கு ஜி.711 ஏ-லா. வீட்டிலிருந்து வேலை செய்யும் இருவருக்கு ஓபஸ் என்ற கோடெக், அதையும் மாறாத பிட்ரேட்டில், அதாவது விநாடிக்கு ஒரே அளவு தரவு போகும்படி வைத்திருக்கிறோம். பேச்சுக்கேற்ப பாக்கெட் அளவு ஏறி இறங்கினால், பூட்டிய குரலிலிருந்தும் சில சொற்றொடர்களை ஊகிக்க முடியும் என்று ஆராய்ச்சியில் காட்டியிருக்கிறார்கள்.

புதிதாகப் போடுகிறவர்கள் கடைசித் தவணையைக் கொடுக்கும் முன், நீங்கள் பேசிய கால் ஒன்றை வயர்ஷார்க்கில் பிடித்து இசைத்துக் காட்டும்படி டீலரிடமே சொல்லுங்கள். இரைச்சல்தான் வர வேண்டும். எஸ்ஐபி செய்தியைத் திறந்தால் எதுவும் படிக்க முடியாமல் இருக்க வேண்டும். சர்வர் உண்மையானதுதான் என்று காட்டும் டிஜிட்டல் சான்றிதழை உங்கள் போன் சரிபார்க்கிறதா, எதைக் கொடுத்தாலும் ஏற்கிறதா என்றும் கேளுங்கள். எங்களுடையது எதையும் ஏற்றது.

ஒன்று மட்டும் இன்னும் தீரவில்லை. எங்கள் வெளி லைனைத் தரும் நிறுவனம் எஸ்ஆர்டிபி தர முடியாது என்று மெயிலில் சொல்லிவிட்டது. அதனால் கட்டடத்தைத் தாண்டும் கால்கள் இப்போதும் பூட்டில்லாமல்தான் போகின்றன. அந்த கால்களில் பின் நம்பரும் கணக்கு எண்ணும் பேசுவதை நிறுத்திவிட்டோம். லைனை மாற்ற வேறு இரண்டு இடங்களில் விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.